பீர்க்கங்காய்த் தோல் துவையல்

பீர்க்கங்காயைச் சீவியதும் தோலை எறிந்துவிடாதீர்கள். நார்ச்சத்து அதில்தான் நிறைய. இளங்காயின் தோலை நன்றாகக் கழுவி, பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் பச்சை வாசனை போகச் சுருள வதக்குங்கள். இதில் அவசரம் கூடாது. சரியாக வதங்காத தோல் எந்த மிக்ஸியிலும் மசியாது. 2 தேக்கரண்டி உளுத்தம்பருப்பும் 3 காய்ந்த மிளகாயும் சிவக்க வறுத்து, துளி புளி, உப்பு சேர்த்து, ஆறியபின் கொரகொரப்பாக அரைத்தால் போதும். தேங்காய் விலை ஏறிய நாளில் அது இல்லாமலே ருசிக்கும். கெட்டித் தயிரில் கலந்தால், வெள்ளரி, கேரட் துண்டுகளுக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். ஒன்று மட்டும்: நறுக்குமுன் காயை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தோல், காய் இரண்டுமே வேண்டாம். அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது.