பில் திரையைச் சோதித்து வாங்குவோம்



2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது நினைவிருக்கும். குளியல் சோப்பும் பிஸ்கட்டும் 18 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன. நெய் 12லிருந்து 5க்கு வந்தது. சலவைத் தூள் மட்டும் 18லேயே நின்றுவிட்டது. எங்களுக்கு பில் மென்பொருள் கொடுத்தவர்கள் முந்தின இரவே புது விகிதத்தை ஏற்றிவிட்டார்கள். காலையில் பில் போட்டால் சலவைத் தூளுக்கும் 5 சதவீதம் விழுகிறது! சோப்பு, தூள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக மாற்றியிருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் சரக்குக்கு 130 ரூபாய் வரி விட்டுப்போகும். சரக்கு எடுத்துப்போன சில்லறைக் கடைக்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தரப்போவதில்லை. வரி இலாகா கேட்பதோ நம்மிடம்.

இந்த மாதிரிப் பிழைகளைக் கடைக்கு வருமுன்பே பிடிக்க, மென்பொருள் தொழிலில் ஒரு வழி உண்டு. அதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர்.

பில் திரை நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அது பல துண்டு. சரக்குப் பெயர்க் கட்டம், அளவுக் கட்டம், வரி வரி, பைசாவைச் சரிக்கட்டும் வரி, 'சேமி' பொத்தான் என்று ஒவ்வொன்றும் தனி நிரல். காலையில் முத்திரை போட்ட ஒரு கிலோ படிக்கல்லை எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? விடை நமக்கு முன்பே தெரியும். தராசு அதைச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. அதேபோல ஒரு துண்டை மட்டும் பிரித்து, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. இதை ஆள் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பதில்லை. சோதனையையும் நிரலாகவே எழுதி வைப்பதால், மென்பொருளில் எதை மாற்றினாலும் நூற்றுக்கணக்கான சோதனைகள் சில விநாடிகளில் ஓடிவிடும்.

எதைச் சோதிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை 5 சதவீத வரி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்த கதை நமக்குத் தெரியாததா! இதில் 10 கிலோவைப் போட்டுச் சோதித்துப் பயனில்லை. 25க்கும் 26க்கும் என்ன விடை வருகிறது என்று எல்லையில் நின்று பார்க்க வேண்டும்.

பைசாக் கணக்கும் அப்படியே. பிரவுசரில் ஓடும் திரைகள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுகின்றன. அதில் 4.35ஐ 100ஆல் பெருக்கினால் 435 வருவதில்லை, 434.99999999999994 வருகிறது. எண்களை இரண்டடிமான முறையில் வைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. தசமத்துக்குப் பின்னால் உள்ளதை நிரல் வெட்டிவிட்டால் ஒரு பைசா போயிற்று. விவரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் முழுப் பைசாவாகவே வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

பொத்தானையும் விடக்கூடாது. கூட்ட நேரத்தில் சிப்பந்தி அவசரத்தில் 'சேமி'யை இரண்டு தட்டு தட்டினால் இரண்டு பில் விழும், இருப்பும் இரண்டு முறை கழியும். சோதனை நிரல் தானே அந்தப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தி, ஒரு பில்தான் பதிவாகிறதா என்று பார்க்கும். இதற்கு நிஜமான கணக்கு தேவையில்லை, பொய்யாக ஒன்றை வைத்துக்கொள்வார்கள். ஃபேஸ்புக் நிறுவனத்தில் உருவான ஜெஸ்ட் என்ற இலவசக் கருவி இதற்குப் பெயர் பெற்றது. அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் டெஸ்டிங் லைப்ரரி 2018இல் வந்தது. நிரலின் உள்பெயரைக் கொண்டு தேடாமல், 'அளவு', 'சேமி' என்று பயன்படுத்துபவர் கண்ணில் படும் எழுத்தைக் கொண்டே தேட வேண்டும் என்பது அதன் கொள்கை. எங்களுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்று. விடையையே தப்பாக எழுதி வைத்தால் சோதனையும் அந்தத் தப்பைச் சரி என்றே சொல்லும். எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதும் தம்பிக்குக் குளியல் சோப்பும் சலவைத் தூளும் வேறு வேறு என்று யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். துண்டுகள் தனித்தனியே தேறினாலும் சேர்த்து வைத்தால் இடறலாம். ஆகவே ஒரு முழு பில்லையும் அச்சடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மென்பொருள்காரரிடம் "யூனிட் டெஸ்ட் எழுதியிருக்கிறீர்களா, ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கூடவே நம் சரக்கு, அளவு, வர வேண்டிய வரி, மொத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஆடிட்டரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுக்கலாம். எங்கள் தாளில் இப்போது 14 வரிகள் உள்ளன. கடைசியாகச் சேர்த்தவை வத்தலும் மல்லியும். இவற்றுக்கு அரிசியின் 25 கிலோ விதி கிடையாது. 40 கிலோ மூட்டையானாலும் 250 கிராம் பொட்டலமானாலும் 5 சதவீதம்தான்.