கைக் கணினியின் விலை

கைக் கணினி அல்லது டேப்லெட் என்பது திரையையே முதன்மை உள்ளீட்டுக் கருவியாகக் கொண்ட கணினி ஆகும். இதில் விரலாலோ எழுதுகோலாலோ திரையின் மீது நேரடியாக இயக்கலாம். விசைப்பலகை இல்லாத கணினி மலிவாக இருக்க வேண்டும் என்று தோன்றக்கூடும். எனினும் 2002 முதல் 2010 வரை வெளிவந்த கைக் கணினிகள் பெரும்பாலும் சிறு மடிக்கணினிகளைவிட அதிக விலைக்கே விற்கப்பட்டன. விசைப்பலகை கணினியின் மலிவான உறுப்புகளுள் ஒன்று. அதற்கு மாற்றாக வரும் உணர்திரையோ விலை மிகுந்தது. இதுவே அடிப்படைக் காரணமாகும்.

வரலாறு

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் கைக் கணினிப் பதிப்பை நவம்பர் 2002இல் வெளியிட்டது. அதனைக் கொண்டு பல நிறுவனங்கள் தயாரித்த கணினிகளுள் பெரும்பாலானவை 1,500 அமெரிக்க டாலருக்கு மேல் விற்கப்பட்டன. 2007ஆம் ஆண்டின் இறுதியில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்னும் சிறு மடிக்கணினியை வெளியிட்டது. இதன் 4 கிகாபைட் சேமிப்பகம் கொண்ட வகை அமெரிக்காவில் 399 டாலருக்கு விற்கப்பட்டது. இவ்வகைக் கணினிகள் நெட்புக் என அழைக்கப்பட்டன. ஏப்ரல் 2010இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் ஐபேடின் தொடக்க விலை 499 டாலர் ஆகும்.

விலை உயர்வுக்கான காரணங்கள்

எழுதுதிரை: 2002ஆம் ஆண்டுக் கைக் கணினிகள் பலவற்றில் ஜப்பானின் வேக்கம் நிறுவனத்தின் மின்காந்த ஒத்திசைவு முறை பயன்பட்டது. திரைக்குப் பின்னால் கம்பிச் சுருள்கள் பதித்த பலகை ஒன்று இருக்கும். அது வெளியிடும் மின்காந்த அலையை எழுதுகோலில் உள்ள சுருளும் மின்தேக்கியும் ஏற்றுத் திருப்பி அனுப்பும். அதிலிருந்து எழுதுகோலின் இடமும் அழுத்தமும் கணிக்கப்படும். சாதாரண மடிக்கணினிக்கு இப்பலகையும் அதற்குரிய மின்சுற்றும் தேவையில்லை.

பார்வைக் கோணம்: மடிக்கணினியின் திரை நேர் எதிரே இருந்து பார்க்கப்படுகிறது. கைக் கணினி நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பிப் பிடிக்கப்படுவதால், எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை தேவை. இத்தகைய திரைகள் சிறு மடிக்கணினிகளின் திரைகளைவிட விலை கூடியவை.

எடையும் வெப்பமும்: கையில் ஏந்தும் கருவி மெல்லியதாகவும் சூடாகாததாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே குறைந்த மின்னழுத்தச் செயலியும், உடலுக்கேற்ப வடிவமைத்த தட்டையான மின்கலமும் பயன்படுத்தப்பட்டன.

சுழலும் கீல்: தொடக்கக் காலக் கைக் கணினிகள் பலவற்றில் விசைப்பலகை நீக்கப்படவில்லை. திரையைச் சுழற்றி அதன் மேல் படுக்க வைக்கும் கீல் சேர்க்கப்பட்டது. எனவே மடிக்கணினியின் செலவு முழுவதும் இருக்க, புதிய செலவும் அதனுடன் கூடியது.

உற்பத்தி அளவு: மருத்துவமனை, காப்பீடு, களப்பணி போன்ற துறைகளே இக்கணினிகளை மிகுதியாக வாங்கின. குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கும்போது வடிவமைப்புச் செலவு ஒவ்வொரு கருவியின் மீதும் அதிகமாக ஏறும்.

சிறு மடிக்கணினியின் மலிவு

ஈ பிசி 701இல் 7 அங்குலத் திரை, பழைய செலரான் செயலி, கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம் ஆகியவை இருந்தன. இன்டெல் நிறுவனம் 2008இல் வெளியிட்ட மலிவான ஆட்டம் செயலியும் பின்னர் இவ்வகைக் கணினிகளுக்குத் துணை செய்தது. ஆகவே கைக் கணினி விலை மிகுந்திருந்தது என்பது எவ்வளவு உண்மையோ, சிறு மடிக்கணினி வசதிகளைக் குறைத்து மலிவாக்கப்பட்டது என்பதும் அவ்வளவு உண்மை.

உறுப்புச் செலவும் விற்பனை விலையும்

விற்பனை விலை உறுப்புகளின் செலவை மட்டும் பொறுத்ததன்று. 499 டாலர் ஐபேடின் உறுப்புகளுக்கும் பொருத்துதலுக்கும் ஏறத்தாழ 260 டாலர் ஆகும் என ஐசப்ளை ஆய்வு நிறுவனம் 2010இல் மதிப்பிட்டது. மென்பொருள் உருவாக்கம், ஆராய்ச்சி, விளம்பரம், விற்பனையாளர் பங்கு, இலாபம் ஆகியவை எஞ்சிய தொகையில் அடங்கும்.

பிற்கால மாற்றம்

திறன்பேசிகள் பெருகியதால் தொடுதிரைகளும் செயலிகளும் மலிவாயின. 2011இல் அமேசானின் கிண்டில் ஃபயர் 199 டாலருக்கு வந்தது. நூல், திரைப்பட விற்பனையில் வருவாய் ஈட்டலாம் என்பதால் அந்நிறுவனம் கருவியில் பெரும் இலாபம் நாடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய ஆகாஷ் கைக் கணினியின் விலை ஏறத்தாழ 50 டாலர். அதில் அழுத்தினால் மட்டுமே உணரும் மின்தடைத் தொடுதிரையும் வேகம் குறைந்த செயலியும் இருந்தன. விரல் பட்டாலே உணரும் மின்தேக்குத் திரையைவிட மின்தடைத் திரை மலிவானது. ஆனால் பயன்படுத்த எளிதன்று. கைக் கணினியின் விலையைத் திரையே பெரிதும் தீர்மானித்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.