எழுத்தும் தெருவும் – 7: படப்பையும் மண்ணிவாக்கமும்

அகன்று தடித்த, விண்வெளிக் காலத்து எழுத்துரு தமிழுக்குப் பொருந்துமா? வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் உள்ள இரண்டு ஊர்ப் பெயர்களை எழுதிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்: படப்பை, மண்ணிவாக்கம்.

இந்த வகை எழுத்துருவின் தாய்வீடு இத்தாலியின் டூரின் நகரம். அங்கிருந்த நெபியோலோ நிறுவனத்துக்காக அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேசேயும் 1952-இல் மைக்ரோகிராமாவை உருவாக்கினார்கள். மூலை மழுங்கிய பெட்டி போன்ற வடிவம். பெரிய எழுத்துகள் மட்டும். சிறிய எழுத்துகளையும் சேர்த்து, 1962-இல் நோவரேசே அதை யூரோஸ்டைலாக வளர்த்தார். அதன் அகன்ற தடித்த வடிவம் 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் இடம்பெற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ அறிவியல் படங்கள் அந்தச் சாயலைக் கைக்கொண்டன.

இப்போது 'படப்பை'. ப, ட இரண்டும் பிறவியிலேயே பெட்டி எழுத்துகள், நேர்கோடும் மூலையும்தான். அகலமாக்கினால் கம்பீரமாக உட்காரும். இணைக்கொம்பின் சுழிகளை மட்டும் கவனித்து வரைந்தால் போதும்.

'மண்ணிவாக்கம்' அப்படி இல்லை. மூன்று சுழி 'ண' அதில் இரண்டு முறை வருகிறது. எழுத்தைத் தடிமனாக்கும்போது கோடு உள்பக்கமும் பருக்கும். சுழிக்குள் இருக்கும் வெளி அடைபடும். தூரத்திலிருந்து பார்த்தால் அது 'ண'வா 'ன'வா என்று தெரியாது. அந்த வெளியைத் திருப்பித் தருவது அகலம்தான். ஆகவே தடித்த தமிழ் எழுத்துக்கு அகலம் வெறும் அலங்காரம் இல்லை, அதன் மூச்சே அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய அனேக் தமிழ் இதற்கு நல்ல சான்று. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளோடு லத்தீனும் அடங்கிய அந்தக் குடும்பத்தில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். விலையில்லாமல் கிடைக்கிறது.

ஆனால் நம் பேனர் கடைகளில் பெரும்பாலும் நடப்பது வேறு: சாதாரண எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். அப்போது நிற்கும் கோடு பருக்கும், படுக்கும் கோடு அப்படியே இருக்கும். எழுத்து நசுங்கியதுபோல் ஆகிவிடும். அகலத்துக்கென்றே வரைந்த எழுத்துருவில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று அனுசரித்து நிற்கும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும்போது கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகக் கூடாது. 'பை' ஒரே எழுத்தாகவே நகர வேண்டும். அடுத்து, இந்த எழுத்துருவை ஓரிரு சொற்களோடு நிறுத்துங்கள். கடைப் பெயர், படத் தலைப்பு, வண்டியின் முகப்பு எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள். முகவரியும் விவரமும் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை: மாதிரியைச் சாலையின் எதிர்ப்பக்கம் வைத்துப் படியுங்கள். ண, ன, ல, வ நான்கும் தனித்தனியே தெரிந்தால் அச்சுக்கு அனுப்பலாம். தெரியாவிட்டால் தடிமனைக் குறையுங்கள்.

(தொடரும்)