கடல் கடக்குமுன் ஒரு கேள்வி

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம்மவர் நாவில் நாளும் வழங்கும் பழமொழி. ஆயினும், அந்த ஊரார் பிள்ளைக்குக் கண் தெரியாவிடின், காது கேளாவிடின், கால் நடவாவிடின், ஊட்டி வளர்க்க நீளும் கைகள் எத்தனை? வன்னிப் பெருநிலத்தில் ஆதரவற்று வாழும் விசேட தேவையுடைய பிள்ளைகளை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி நம் உள்ளத்தை உறுத்துகின்றது.

இத்தகைய பிள்ளைகளை வெளிநாட்டார் மகவேற்றுச் சென்றால் நல்வாழ்வு கிடைக்குமே என்று கூறுவோர் உளர். அக்கூற்றைத் தள்ளிவிடுதற்கில்லை. 1955ஆம் ஆண்டில் ஹரி ஹோல்ட் என்னும் அமெரிக்கரும் அவர் மனைவியாரும், கொரிய யுத்தத்தால் ஆதரவிழந்த 8 குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றனர். அதற்கென அந்நாட்டுக் காங்கிரஸ் தனிச்சட்டமே இயற்றியது. அவர்கள் காட்டிய வழியில் பல்லாயிரம் குழந்தைகள் பின்னர் கடல் கடந்தனர்.

நமது நாட்டின் அநுபவமோ கண்ணீர் கலந்தது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலருடைய பத்திரங்கள் பொய்யானவை. தாயெனக் கையொப்பமிட்ட சிலர் தாயரே அல்லர். 2021ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசின் விசாரணைக்குழு இம்முறைகேடுகளை எடுத்துரைத்தது. அன்று தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள் இன்று வளர்ந்து, தம்மைப் பெற்றவளைத் தேடி இத்தீவுக்கு வருகின்றனர். பத்திரத்திலுள்ள பெயரை நம்பி வந்து, வெறுங்கையுடன் திரும்புவோரின் துயரை என்னென்பது!

மூன்று இடர்கள்

விசேட தேவையுடைய பிள்ளை தூரதேசம் செல்லுமிடத்து மூன்று இடர்கள் எழுகின்றன.

முதலாவது, உண்மையான வரலாறு. பிள்ளைக்கு வந்த நோய் யாது, செய்த சிகிச்சை யாது என்பனவற்றை வைத்தியர் அறிந்தாக வேண்டும். உடலுக்குள் எறிகணைச் சிதறல் தங்கியுள்ள ஒருவரை அஃதறியாது காந்த அலைப் பரிசோதனைக்கு உட்படுத்தினால் ஆபத்து நேரலாம். ஓர் ஏட்டில் ஒரு வரி விடுபட்டால் உயிருக்கே ஊறு நேரும்.

இரண்டாவது, செலவும் பொறுமையும். வளரும் பிள்ளைக்கு ஒருமுறை பொருத்திய செயற்கைக் கால் என்றும் போதாது. எலும்பு வளர வளர அதனை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். இரக்கம் ஒரு நாளில் பிறந்துவிடும். இப்பணியோ பல்லாண்டு நீள்வது.

மூன்றாவது, மொழி. சிறுபிள்ளை அந்நிய நாட்டில் தன் தாய்மொழியைச் சில மாதங்களிலேயே மறக்கத் தொடங்கும். கண் தெரியாத பிள்ளைக்குக் குரல்களே உலகம். அக்குரல்கள் யாவும் ஒரே நாளில் அந்நியமாகிவிட்டால் அப்பிள்ளை எதைப் பற்றிக்கொள்ளும்?

சட்டம் கூறுவது யாது?

இவற்றையெல்லாம் கருதியே 1993ஆம் ஆண்டில் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 1995இல் இலங்கையும் அதில் இணைந்தது. பிள்ளைக்குச் சொந்த நாட்டிலேயே தக்க குடும்பம் கிடைக்குமா என முதலில் ஆராய வேண்டும். கிடையாதவிடத்தே வெளிநாட்டு மகவேற்பு என்பது அதன் சாரம்.

இங்கேதான் பொறுப்பு நம்மீது வந்து சேருகின்றது. மகவேற்க விரும்பும் நம்மவர் நாடுவது பெரும்பாலும் குறையேதுமற்ற கைக்குழந்தையையே. குறையுடைய பிள்ளை காத்திருக்கின்றது. காலமோ காத்திருப்பதில்லை. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவரையே மகவேற்கலாம். 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்து, ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்ட வேளையில் கைக்குழந்தையாக இருந்தோர் அனைவரும் இவ்வயதெல்லையைக் கடந்துவிட்டனர். அவர்களுள் ஆதரவிழந்தோர்க்கு அந்த வாயில் அடைபட்டுவிட்டது. அவர்களுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் அவ்வாறே நேர விடலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் உள்ள இனியவாழ்வு இல்லம் போன்ற நிலையங்கள் பார்வையும் செவிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கு உறைவிடமும் கல்வியும் அளித்து அரும்பணி ஆற்றுகின்றன. எனினும், எத்துணைச் சிறந்த இல்லமும் இராக்காலத்தில் பயந்தெழும் ஒரு பிள்ளைக்கு அம்மம்மாவின் மடியாகிவிடாது. இல்லங்களில் வாழ்வோர் யாவரும் உறவற்றவர் என்றெண்ணுதலும் பிழை. தாயோ சித்தியோ மாமியோ உயிருடன் இருந்தும், வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விட்டுச் சென்ற குடும்பங்கள் உள. அக்குடும்பத்துக்கு உதவிக்கரம் நீட்டினால் பிள்ளை தன் வீட்டுக்கே மீளும்.

மகவேற்கும் உறுதியுடையோர் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தை அணுகலாம். நீதிமன்றமே கட்டளை வழங்கும். அத்துணை ஆற்றலில்லாதோர் அயலிலுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லலாம். சிகிச்சைக் குறிப்புகளை ஓர் ஏட்டில் ஒழுங்காக எழுதி வைக்கலாம். மாணவர்களே! சக்கர நாற்காலியில் வரும் தோழனை விளையாட்டிற் சேர்த்துக்கொள்வதும் இப்பணியே.

தூரதேசத்து அன்பர் நீட்டும் கையை நாம் பழிக்கவில்லை. ஆனால், அந்தக் கையில் ஒரு பிள்ளையைக் கொடுக்குமுன், "நம்முள் ஒருவரேனும் இதனை அணைக்க முன்வந்தோமா?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.