கார் கண்ணாடியை உடைத்தால் 303-ஆ, 305-ஆ?

இணையவழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்ற கெடுவைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். கெடு உண்மைதான், தவறவிடாதீர்கள். ஆனால் அந்தக் கடிதங்களில் வேறொரு குழப்பமும் தெரிந்தது: 'கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுகிறார்களே?'

விடை ஒரு தொகையில் இருக்கிறது: 5,000 ரூபாய்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. களவுபோனது 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் கதை மாறுகிறது. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவை போதும். தண்டிப்பதைவிட நியாயம் வழங்குவதே புதிய சட்டத்தின் நோக்கம் என்றது அரசு. திருந்த வழிவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விசாரணையே தொடங்காத வழக்கில் யாரைத் திருத்துவது? பையில் இருந்தவை பட்டச் சான்றிதழும் ஆர்.சி. புத்தகமும் என்றால், சந்தையில் அவற்றுக்கு என்ன விலை? தொலைத்தவர் அலையும் அலைச்சலுக்குச் சட்டத்தில் கணக்கே இல்லை.

அடுத்து 305-வது பிரிவைப் பாருங்கள். சரக்கோ பயணிகளோ ஏற்றிச்செல்லப் பயன்படும் வாகனத்திலிருந்து திருடினால் ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இதில் 5,000 ரூபாய் வரம்பு கிடையாது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆகவே பேருந்திலோ லாரியிலோ போன பைக்கு ஒரு நியாயம், தெருவில் நிறுத்திய சொந்தக் காரில் போன பைக்கு வேறு நியாயம் என்று ஆகலாம். சொந்தக் கார் இந்த வரையறைக்குள் வருமா என்பதைச் சட்டத்தின் வாசகம் தெளிவாகச் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் வழக்கை எழுதுபவர் எந்தப் பிரிவின் எண்ணை எழுதுகிறார் என்பதில் வழக்கின் தலைவிதி அடங்கிவிடுகிறது. இது சரியல்ல.

உடைந்த கண்ணாடிக்கு? சேதம் 20,000 ரூபாய்க்குள் என்றால் 324-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

உடைத்தும் எதுவும் கிடைக்காவிட்டால்? முயற்சியும் குற்றமே, உச்ச தண்டனையில் பாதி வரை.

மறுபடி சிக்கினால்? 303-இல் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல்.

வெளியூரில் நடந்தால்? எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

பதிய மறுத்தால்? எஸ்.பி.க்கு எழுதுங்கள், பிறகு மாஜிஸ்திரேட்.

புகாரில் ஒவ்வொரு பொருளின் விலையையும் உள்ளபடி எழுதுங்கள், ரசீது இருந்தால் இணையுங்கள். வண்டிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.