சிறு வழங்கியும் திடீர்க் கூட்டமும்

ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆகவே நாளொன்றுக்கு இலட்சம் பேர் ஓர் இணையப் பக்கத்தை நாடினும், சராசரியில் வினாடிக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவே வருவர். எளிய வழங்கியும் இதனைத் தாங்கும். ஆனால் மாந்தர் சராசரிப்படி வருவாரல்லர். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வேளையில் யாவரும் ஒருங்கே கதவைத் தட்டுவர். மாணவன் ஒருவனின் எதிர்காலம் அப்பக்கத்திலன்றோ இருக்கின்றது!

முதலில் இடர்ப்படுவது பாதை. வினாடிக்கு 100 மெகாபிற் கடத்தும் இணைப்பு 12.5 மெகாபைற்றுக்கு மேல் அனுப்பாது. பக்கம் ஒரு மெகாபைற்றாயின் வினாடிக்குப் பன்னிருவரே பெறுவர். படங்களைக் களைந்து 50 கிலோபைற்றாக்கின் 250 பேர் பெறுவர். புதுப்பொறி வாங்க விரைவோர் இக்கணக்கை முதலிற் போட்டுப் பார்த்தல் நன்று.

அடுத்தது நினைவகம். வருவோர் ஒவ்வொருவர்க்கும் தனிச் செயன்முறை ஒதுக்கும் பழைய அமைப்பில், ஒன்றுக்கு 25 மெகாபைற்று வேண்டுமெனின், 1,000 மெகாபைற்றில் நாற்பதின்மேல் இடமில்லை. மந்தமான இணைப்புடையோரோ பெற்ற இடத்தை நெடிது பற்றி நிற்பர். ஒரே வழங்கி பதினாயிரம் இணைப்புகளைத் தாங்கவேண்டுமென டான் கெகல் 1999இல் எழுதினார். 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ், சில செயன்முறைகளைக்கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கின்றது. அதனுடன், ஒருமுறை ஆக்கிய பக்கத்தைச் சேமித்துப் பலர்க்கும் வழங்கின், தரவுத்தளத்தை அடிக்கடி வினவவேண்டியதில்லை.