பூச்சியை இனங்கண்ட பின் போத்தலை எடுங்கள்

பூங்கன்று வியாபாரம் இன்று எமது ஊர்களில் பலருக்கு ஒரு பக்கத் தொழில். ரோஜா, செவ்வரத்தை, அந்தூரியம், ஓர்கிட் என முற்றத்தில் வளர்த்து விற்போர் உள்ளனர். கடையின் ஒரு மூலையில் பூச்சாடி, பசளை, பூச்சிமருந்து வைத்து விற்போரும் உள்ளனர். இரு சாராரும் அறிய வேண்டிய விடயம் ஒன்றுண்டு.

சில வருடங்களுக்கு முன், நான் விற்பனைக்கு வைத்திருந்த ரோஜாக் கன்றுகளின் இலைகளில் நுண்ணிய மஞ்சள் புள்ளிகள் விழுந்தன. கையிலிருந்த பூச்சிமருந்தை மூன்று தடவை அடித்தேன். பாதிப்பு கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இலையைப் புரட்டி, மெல்லிய வலையைக் காட்டினார். அது சிற்றுண்ணி. எட்டுக் கால்கள் கொண்ட அது பூச்சி இனமே அல்ல. பல பூச்சிமருந்துகள் அதனைக் கொல்வதில்லை. அதனைத் தின்னும் நல்ல உயிரினங்களைக் கொன்றுவிடும். பணம் கொடுத்து நானே அதனைப் பெருக்கியிருக்கிறேன். நாற்பது கன்றுகளை வீச வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் அடையாளத்தைப் பாருங்கள்.

இளம் தளிரிலும் மொட்டிலும் பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பது அழுக்கணவன். இலையில் பிசுபிசுப்பும் எறும்பு வரிசையும் இருந்தால் அதனைத் தேடுங்கள். பஞ்சு போல் வெள்ளையாகக் கணுக்களில் படிந்திருப்பது மாவுப்பூச்சி. செடியை அசைத்ததும் வெள்ளையாகப் பறப்பது வெண் ஈ. இதழ்களின் ஓரம் கருகி, மொட்டு சரியாக விரியாவிட்டால், பூவை வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டுங்கள். நூல் துண்டு போன்ற சிறு பூச்சிகள் ஓடினால் அது பனிப்பூச்சி.

ஆரம்ப நிலையில் செலவு அதிகமில்லை. அழுக்கணவனையும் சிற்றுண்ணியையும் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் திரவம் கலந்து, மாலை வேளையில் பூச்சியின் மேல் படும்படி தெளிக்கலாம். முதலில் ஒரு கிளையில் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள். பனிப்பூச்சி புகுந்த மொட்டுகளைக் கிள்ளி அழியுங்கள். வெண் ஈக்கு மஞ்சள் நிற ஒட்டும் அட்டை உதவும். புதிதாகக் கொள்வனவு செய்த கன்றுகளை இரண்டு வாரம் தனியாக வையுங்கள்.

2008 இல் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையில் காணப்பட்டபோது செவ்வரத்தைச் செடிகளும் பாதிக்கப்பட்டன. அதன் உடலுக்குள் முட்டையிட்டு அழிக்கும் ஒரு சிறு குளவியை 2009 இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட பின்னரே அது அடங்கியது. கண்டபடி மருந்தடித்தால் இத்தகைய உதவியாளர்களையே இழப்போம்.

மருந்து விற்போருக்கு ஒரு வார்த்தை. 1980 இன் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்பட்ட மருந்தை அனுமதிப்பத்திரத்துடனேயே விற்க வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. வாடிக்கையாளர் மருந்து கேட்டால், "பாதிக்கப்பட்ட இலையொன்றைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். அன்று ஒரு போத்தல் விற்காமல் போகலாம். ஆனால் செடி பிழைத்தால், அந்த வாடிக்கையாளர் மீண்டும் உங்களிடமே வருவார்.